வாசகி பேசுகிறார்

மனைவி: புக்கைத் தலைகீழாப் பிடிச்சிருக்கேனா என்ன?

மச்சினன்: நேராத்தான்க்கா இருக்கு. ஆனா அட்டையில மாமா பேரை உன் கட்டைவிரல் மூடிடுச்சு.

மனைவி: அது நல்லதுக்குத்தான்.

எழுத்தாளர்: மாப்ள, ரெக்கார்டு ஓடுதா?

மச்சினன்: இன்னும் இல்ல மாமா. போனைச் சாய்ச்சு வைக்க ஏதாவது வேணும். உயரம் பத்தல.

மனைவி: கட்டிலுக்கு அடியில கையை விடு. உங்க மாமாவோட புக்கு தான், எடுக்க எடுக்க வரும்.

மச்சினன்: ஆமா... ஏயப்பா. மாமா, இது போன நாவல் தானே? கட்டே பிரிக்கல.

எழுத்தாளர்: அது ரெண்டாம் பதிப்பு வரைக்கும்... ஒதுக்கி வச்சது.

மனைவி: முதல் பதிப்பு கட்டிலுக்கு அடியில. ரெண்டாம் பதிப்பு வந்தா கட்டிலுக்கு மேல. நாம எங்க படுக்கறது?

எழுத்தாளர்: நீ பேச வேண்டியதை மட்டும் பேசும்மா. சாயங்காலத்துக்குள்ள வீடியோ போகணும். 'வாசகர்னு ஒருத்தராவது உங்க புக்கைப் பத்திப் பேசி நான் பார்க்கணும். இல்லேன்னா அடுத்த நாவலைத் தூக்கிட்டு என் ஆபீஸ் பக்கம் வந்துடாதீங்க'ன்னு பதிப்பாளர் மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டார்.

மனைவி: அதுக்கு நான் தானா கிடைச்சேன்? நிஜமாவே வாசகர் யாரையாவது கூப்பிட வேண்டியது தானே.

எழுத்தாளர்: கூப்பிடாமயா? பல் டாக்டருக்குப் போன் போட்டேன். கையெழுத்து போட்டுக் கொடுத்திருந்தேன்ல.

மச்சினன்: என்ன சொன்னார்?

எழுத்தாளர்: 'ரொம்ப உபயோகமா இருக்கு சார்'னார்.

மச்சினன்: நல்லாத்தானே சொல்லியிருக்கார்.

எழுத்தாளர்: நேர்ல போய்ப் பார்த்தேன். மேஜை ஆடாம இருக்க ஒரு காலுக்கு அடியில வச்சிருக்கார்.

மனைவி: உங்க கூடப் படிச்சவர்? வீட்டுக்கு வந்தா ஓசியில ஒரு புக்கு வாங்காமப் போகமாட்டாரே.

எழுத்தாளர்: அவனுக்குக் கொடுத்த புக்கு பழைய புத்தகக் கடையில கிடந்துச்சு. 'என்றும் மாறா அன்புடன்'னு என் கையெழுத்தோட. பார்த்துட்டு எப்படி விட்டுட்டு வர்றது... நானே வாங்கிட்டு வந்துட்டேன்.

மச்சினன்: அப்ப விற்பனைன்னு பார்த்தா அது ஒண்ணு தான் மாமா நடந்திருக்கு.

எழுத்தாளர்: நீ கேமராவைப் பாருடா.

மனைவி: சரி, நான் உங்க பொண்டாட்டின்னு கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?

எழுத்தாளர்: யாருக்குத் தெரியும்? கீழ 'ஒரு வாசகி'ன்னு மாப்ள எழுத்து ஓட விட்டுடுவான். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கோ. படிச்சவ மாதிரி இருக்கும்.

மனைவி: நான் படிச்சவ தாங்க. உங்களை விட ஒரு டிகிரி அதிகம்.

மச்சினன்: அக்கா, கொஞ்சம் இடது பக்கம் நகரு. பின்னாடி துணி காயறது தெரியுது.

மனைவி: தெரியட்டும். துணி துவைக்கிறவளும் நாவல் படிக்கிறான்னு புரியும்.

எழுத்தாளர்: ஆரம்பி. நான் சொன்னதை அப்படியே சொல்லு. 'இந்த நாவலை நான் ஒரே மூச்சில் படித்து முடித்தேன்.'

மனைவி: இந்த நாவலை நான் ஒரே மூச்... ச்... இரு... தும்மல்.

மச்சினன்: கட்டு பிரிச்சேன்ல, தூசி.

மனைவி: ஒரே மூச்சுன்னு சொன்ன உடனே மூச்சு முட்டுது பாரேன். ஏங்க, பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்ல. நான் உங்க புக்கைப் படிச்சதே இல்லியே.

எழுத்தாளர்: மூணையும் நீ தானேம்மா டைப் பண்ணினே.

மனைவி: டைப் பண்றது வேற, படிக்கறது வேற. உங்க கையெழுத்தைப் பார்த்து இது 'க'வா 'த'வான்னு முழிக்கறதுக்கே மத்தியானம் போயிடும். இதுல எங்க கதை மண்டையில ஏறும்?

மச்சினன்: அது நிஜம் மாமா. உங்க கையெழுத்து இருக்கே... ஒரு பக்கம் பார்க்கறதுக்குள்ள கண்ணு பூத்துடுது.

மனைவி: நீ எங்கடா பார்த்தே அவர் கையெழுத்தை?

மச்சினன்: நானா? இல்லக்கா... பொதுவாச் சொன்னேன். ஜன்னலைத் திறக்கட்டுமா? வெளிச்சம் பத்தல.

மனைவி: திற. உனக்கு வேர்க்குது வேற. ஏங்க, கேட்கணும்னு இருந்தேன். புதுசு என்னாச்சு? எப்பவும் முடிச்ச கையோட காகிதக் கட்டைத் தூக்கிட்டு வந்து கீபோர்டு மேல தொப்புன்னு போடுவீங்க. இந்தத் தடவை சத்தத்தையே காணோம்.

எழுத்தாளர்: அது... இன்னும் முடியல.

மனைவி: ஓ.

எழுத்தாளர்: முடிவு சரியா வரல. யோசிச்சுட்டிருக்கேன்.

மனைவி: யோசிங்க, யோசிங்க. டேய், உன் வீடியோக் கடையில டைப் அடிக்க ஒரு பொண்ணு இருந்தாளே, இருக்காளா?

மச்சினன்: அவ வேலையை விட்டுட்டாக்கா.

எழுத்தாளர்: விட்டுட்டாளா? எப்ப?

மச்சினன்: இப்பத்தான் மாமா... கொஞ்ச நாள்... மாமா, திரும்ப ரெக்கார்டு போடறேன். ஓடுது. பேசுக்கா.

மனைவி: இந்த நாவலை நான் ஒரே மூச்சில் படித்து முடித்தேன். இதில் வரும் கதாநாயகன்...

எழுத்தாளர்: கண்ணுல கொஞ்சம் கலக்கம் காட்டு.

மனைவி: கண்ணாடி போட்டுட்டு எங்க காட்டறது? ...இதில் வரும் கதாநாயகன் நம் பக்கத்து வீட்டில் வசிப்பவன் போலவே இருக்கிறான். கடைசிக் காட்சியில்... ஏங்க, இந்த இடத்தை மாத்திக்கலாமா?

எழுத்தாளர்: எந்த இடம்?

மனைவி: 'தண்டவாளத்தில் அவன் உயிர் பிரிந்தபோது நான் கதறி அழுதேன்'னு எழுதியிருக்கீங்களே. அது வேண்டாம். 'கடைசிக் காட்சி மனசுல நின்னுச்சு'ன்னு பொதுவாச் சொல்லிட்டுப் போறேன்.

எழுத்தாளர்: பொதுவாச் சொன்னா யார் வாங்குவா? சாவு தாம்மா விக்கும்.

மனைவி: இல்லீங்க, படிக்கிறவங்க குழம்பிடுவாங்க.

எழுத்தாளர்: இதுல குழம்ப என்ன இருக்கு? ரயில் வருது, ஆள் போயிட்டான். சின்னக் குழந்தைக்கும் புரியும்.

மனைவி: காசு கொடுத்து வாங்கிட்டு, எங்கடா சாவுன்னு தேடினா?

எழுத்தாளர்: எதுக்குத் தேடணும்? கடைசிப் பக்கத்துலயே இருக்கு.

மனைவி: அவன் தான் சாகலியே.

எழுத்தாளர்: யாரு சாகல?

மனைவி: ஒண்ணுமில்ல. டேய், முதல்லேர்ந்து போகலாம்.

எழுத்தாளர்: இரு, இரு. படிச்சதே இல்லேன்னே. அப்புறம் சாகலேன்னு உனக்கு எப்படித் தெரியும்? சாகலேன்னா... நான் தானே கொன்னேன். என் கையால கொன்னேன்.

மனைவி: உங்க கையால கொன்னீங்க. என் கைக்கு வந்தப்புறம் பிழைச்சுட்டான்.

எழுத்தாளர்: மாப்ள, உங்க அக்கா விளையாடறாளா?

மச்சினன்: மாமா, அச்சாகி வந்த புக்கை நீங்க ஒரு தடவை கூடப் பிரிச்சுப் பார்த்தது இல்லியா?

எழுத்தாளர்: நான் பிரிக்கமாட்டேன்டா. முதல் புக்கு வந்தப்ப ஆசையாப் பிரிச்சேன். முதல் பக்கத்துல என் பேரையே தப்பா அடிச்சிருந்தான். அன்னிக்கு மூடினவன் தான். அதுக்கப்புறம் அட்டையோட சரி. பிழை பார்க்கறதெல்லாம் இவ தான்.

மச்சினன்: அப்ப பிழை பார்க்கறப்பவும் அக்கா தான். அடிக்கறப்பவும் அக்கா தான். நடுவுல யாருமே இல்ல. சுத்தம்.

எழுத்தாளர்: என்னம்மா பண்ணினே? ரயில் வந்துச்சா இல்லியா?

மனைவி: லேட்டு.

எழுத்தாளர்: லேட்டா?

மனைவி: ரயிலுன்னா லேட்டாத்தானே வரும். ரொம்ப நேரம் உட்கார்ந்து பார்த்தான். பசி எடுத்துடுச்சு. எழுந்து வீட்டுக்கு வந்துட்டான்.

எழுத்தாளர்: அடக் கடவுளே. அப்ப போன நாவல்? அதுல கிணத்துல விழுந்து...

மனைவி: விழுந்தான். தண்ணி முட்டி வரைக்கும் தான் இருந்துச்சு.

எழுத்தாளர்: முதல் நாவல்? எதிரி மருந்துல விஷத்தைக் கலந்தானே.

மனைவி: பாட்டில் மாறிடுச்சு. ரெண்டு நாள் வயித்தால போச்சு, சரியாயிட்டான்.

மச்சினன்: மாமா, உட்காருங்க. இந்தாங்க தண்ணி.

எழுத்தாளர்: எனக்குத் தண்ணி வேண்டாம். முட்டி வரைக்கும் ஊத்திக்கவா? டேய்... அந்தக் காலேஜ் கூட்டம். 'என் நாயகன் ஏன் சாக வேண்டியிருந்தது'ன்னு தலைப்பு வச்சுத் தொண்டை வறளப் பேசினேனே.

மச்சினன்: நான் தானே மாமா வீடியோ எடுத்தேன். பசங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

எழுத்தாளர்: ஒரு பொண்ணு எழுந்து, 'சார், ஆனா அவர் வீட்டுக்கு வந்துடறாரே'ன்னுச்சு. புக்கைப் படிக்காம வந்திருக்கு போலன்னு நினைச்சேன். அது மனசு நோகக் கூடாதேன்னு, 'உடம்பு வீட்டுக்கு வரலாம் தாயி, ஆள் வந்தானா?'ன்னு கேட்டேன்.

மச்சினன்: அதுக்குத் தான் மாமா அப்படிக் கை தட்டினாங்க. பின்னாடி ரெண்டு பேர் எழுதிக் கூட வச்சுக்கிட்டாங்க.

மனைவி: நல்ல பதில் தாங்க அது. எனக்கே பிடிச்சிருந்துச்சு.

எழுத்தாளர்: நீ பேசாதே. உனக்குத் தெரியும். கூட்டத்துல முதல் வரிசையில உட்கார்ந்து, எல்லாம் தெரிஞ்சுகிட்டு, தலையை ஆட்டிட்டிருந்தே.

மனைவி: வேற என்ன பண்றது? மேடையேறி, 'அவர் புக்கை அவரே படிக்கல'ன்னு சொல்லவா?

எழுத்தாளர்: ஏம்மா? ஏன் இப்படிப் பண்ணினே? பிடிக்கலேன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே.

மனைவி: சொன்னா கேட்டுடுவீங்க. 'கலை'ன்னு ஆரம்பிச்சு, காப்பி ஆறிப்போற வரைக்கும் பேசுவீங்க.

எழுத்தாளர்: கேட்கறேன். இப்பச் சொல்லு.

மனைவி: ...அவன் இடது தோளைச் சாய்ச்சுட்டு நடப்பான். சட்டைப் பொத்தானை ஒண்ணு மாத்திப் போடுவான். சாவி எங்கன்னு தேடுவான், சாவி கையிலயே இருக்கும். மூணு புக்குலயும் இவன் தான். பேரை மட்டும் மாத்துவீங்க.

எழுத்தாளர்: அதுக்கு?

மனைவி: அதுக்கு என்னன்னா... நீங்க எழுதி முடிச்சுட்டு, மூடி வச்சுட்டு, குறட்டை விட்டுத் தூங்கிடறீங்க. ஒவ்வொரு எழுத்தா நான் தானே அடிக்கணும். நீங்க உள்ள குறட்டை விடறீங்க, நான் இங்க உட்கார்ந்து உங்களைத் தண்டவாளத்துல படுக்க வைக்கறேன். என்னால முடியலீங்க. விரல் ஓடல. எனக்குப் பயமா இருந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. அவன் பொண்டாட்டி மூணு புக்குலயும் வாயே திறக்கல. தண்ணி கொண்டு வந்து வச்சுட்டு உள்ள போயிடறா. அவளைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவு தானா? அவன் செத்தா அவ என்ன பண்ணுவான்னு ஒரு வரி இல்ல. அந்தக் கடுப்பும் இருந்துச்சு, பொய் சொல்லல.

எழுத்தாளர்: அந்தப் புக்கைக் கொடு.

மனைவி: எதுக்கு? கிழிச்சுடாதீங்க.

எழுத்தாளர்: கிழிச்சா மட்டும் குறையவா போகுது? கொடு.

மச்சினன்: அக்கா... மாமா பிரிக்கறார்.

மனைவி: சும்மா இரு.

எழுத்தாளர்: 'ரயில் வருவதாக இல்லை. அவனுக்குப் பசித்தது. வீட்டில் அவள் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்பது நினைவுக்கு வந்தது. எழுந்தான். துணியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு நடந்தான்.'

மச்சினன்: மண்ணைத் தட்டினது நல்லா இருக்கு மாமா.

எழுத்தாளர்: நான் எங்கடா மண்ணைத் தட்டியிருக்கேன்?

மனைவி: நீங்க தட்டமாட்டீங்க. அப்படியே வந்து கட்டில்ல உட்காருவீங்க. அதனால தான் சேர்த்தேன்.

எழுத்தாளர்: ஒருத்தர் எனக்குக் கடிதம் போட்டிருந்தார். கடைசிப் பக்கத்தைப் படிச்சுட்டு வீட்டுக்கு ஓடினேன், என் சம்சாரத்தைக் கூப்பிட்டு உட்கார வச்சுச் சாப்பிட்டேன்னு. சாவைப் படிச்சுட்டு ஒருத்தனுக்குப் பசிக்குதேன்னு ஆச்சரியமா இருந்துச்சு. ஆனா அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலயே வச்சுட்டுத் திரிஞ்சேன்ம்மா. பஸ்ல எடுத்துப் பார்ப்பேன். எனக்கு வந்த ஒரே கடிதம்... அதுவும் உனக்கு வந்தது.

மனைவி: பாதி தாங்க எனக்கு. தண்டவாளம் வரைக்கும் அவனை நடத்திட்டு வந்தது நீங்க. அது வரைக்கும் நான் ஒரு புள்ளியைக் கூட மாத்தல. மாத்தத் தோணல. அழுதுட்டே தான் அடிச்சேன். அவ்வளவு நல்லா எழுதியிருந்தீங்க.

எழுத்தாளர்: இதையாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல.

மனைவி: சொன்னா படிச்சேன்னு தெரிஞ்சுடுமே.

மச்சினன்: மாமா... ஒரு சின்ன விஷயம்.

எழுத்தாளர்: என்ன?

மச்சினன்: ரெக்கார்டை நிறுத்துன்னு யாருமே சொல்லல.

எழுத்தாளர்: டேய்.

மச்சினன்: அக்கா ரெண்டாம் தடவை 'ஒரே மூச்சில்' சொன்னதுலேர்ந்து ஓடிட்டே இருக்கு.

எழுத்தாளர்: அழி. முதல்ல அதை அழி.

மச்சினன்: அழிச்சுடறேன். ஆனா பதிப்பாளர் ரெண்டு தடவை 'எங்கே, எங்கே'ன்னு மெசேஜ் போட்டுட்டார். நம்மகிட்ட இருக்கறது ரெண்டே வீடியோ. ஒண்ணுல அக்கா தும்மறா. இன்னொண்ணு இது.

எழுத்தாளர்: இதை அனுப்பினா ஊரே சிரிக்கும். அவன் கதையை அவன் பொண்டாட்டி முடிச்சா, அது கூடத் தெரியாம ஊர் ஊராப் பேசிட்டுத் திரிஞ்சான்னு. அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுட்டு நான் எழுத்தாளன்னு சொல்லிக்கறது?

மனைவி: அனுப்பாட்டி?

எழுத்தாளர்: அனுப்பாட்டி... புதுசு வராது. அவர் சொன்னா சொன்னது தான். வேற யாரும் என் புக்கைத் தொடப்போறதும் இல்ல.

மனைவி: சிரிக்கறவங்களும் என்னதான் இருக்குன்னு வாங்கிப் பார்ப்பாங்கங்க. இது வரைக்கும் உங்களைப் பார்த்துச் சிரிக்கக் கூட ஆள் வரலியே.

மச்சினன்: நான் சிரிச்சிருக்கேன்க்கா.

மனைவி: நீ காசு கொடுத்து வாங்கலியேடா.

எழுத்தாளர்: உனக்குப் பரவாயில்லையா? உன் மூஞ்சி தானே தெரியும்.

மனைவி: துணி காயறது தெரியுது. அதைப் பத்தித் தான் கவலை. நீங்க முடிவு பண்ணுங்க. இந்த ஒரு முடிவையாவது நீங்களே பண்ணுங்க.

எழுத்தாளர்: குத்தறே பாரு. மாப்ள.

மச்சினன்: மாமா.

எழுத்தாளர்: குறட்டையை மட்டும் வெட்டிட்டு அனுப்பு.

மச்சினன்: குறட்டையை எடுத்தா அந்த இடமே செத்துடும் மாமா.

எழுத்தாளர்: சரி, குறட்டையோடயே அனுப்பித் தொலை. 'ஒரு வாசகி'ன்னு போடாதே. யாருன்னு சரியாப் போடு.

மச்சினன்: போயாச்சு... பார்த்துட்டார்... இருங்க. ஏதோ அனுப்பறார்.

மனைவி: என்னவாம்?

மச்சினன்: 'பாதி தான் பார்த்தேன். சிரிச்சதுல காப்பி சட்டையில கொட்டிடுச்சு. கடையில கிடக்கற புக்குக்கெல்லாம் இந்த வீடியோவையே விளம்பரமாப் போடறேன். புது நாவல் தயாரா? தயார்னா நாளைக்கே எடுத்துட்டு வரச் சொல்லுங்க'ங்கறார்.

எழுத்தாளர்: நாளைக்கேவா?

மனைவி: நாளைக்கே தான். எடுத்துட்டு வாங்க கட்டை. இன்னிக்கே உட்கார்ந்து அடிச்சுடறேன்.

எழுத்தாளர்: அது... நீ சிரமப்பட வேண்டாம்மா. இந்தத் தடவை வெளியில கொடுத்தாச்சு.

மனைவி: இன்னும் முடியலேன்னீங்க.

எழுத்தாளர்: முடிஞ்சது. மாப்ள கடையில தான் கொடுத்தேன். உனக்குக் கை வலிக்குமேன்னு... மாப்ள, நீ ஏன்டா வாசப் பக்கம் போறே?

மச்சினன்: காத்து வாங்க மாமா.

மனைவி: கை வலிக்குமேன்னு என் மேல திடீர்னு என்ன இவ்வளவு கரிசனம்? அதுலயும் அவன் சாகறானா?

எழுத்தாளர்: இல்ல. இந்தத் தடவை அவன் சாகல.

மனைவி: அப்ப யாரு சாகறா?

எழுத்தாளர்: கோவிச்சுக்கக் கூடாது. எப்பப் பார்த்தாலும் அவனே சாகறான்னு ஒரு விமர்சனம் வந்துச்சு... அது எங்கேயிருந்து வந்துச்சுன்னு இப்பத் தான் யோசிக்கறேன், அவன் எங்க செத்தான்... அந்த ஆளும் புக்கைப் பிரிக்கல போல... சரி, அதை விடு. ஒரு மாறுதலுக்கு... அவன் பொண்டாட்டி. காய்ச்சல்ல. முதல் அத்தியாயத்துலயே. நீ உன் கையால அதை அடிக்க வேண்டாமேன்னு தான் ஒளிச்சு வச்சேன். சத்தியமா வேற ஒண்ணும் இல்ல.

மனைவி: தெரியுங்க. டைப் அடிக்க ஆள் இல்லாதவன் அதை வச்சுட்டு என்ன பண்ணுவான், நீங்க கொடுத்த அன்னிக்குச் சாயங்காலமே தம்பி கட்டைத் தூக்கிட்டு வந்து என்கிட்ட கொடுத்துட்டான். நேத்து தான் அடிச்சு முடிச்சேன். அவ சாகல. காய்ச்சல் விட்டு ரொம்ப நாளாச்சு, ஆனா அவன்கிட்ட சொல்லல. கடைசி அத்தியாயம் வரைக்கும் படுத்துட்டே புக்கு படிக்கறா, அவன் பாத்திரம் தேய்ச்சுட்டு இருக்கான்.